ஐந்தாண்டு என்ற ஒரே அளவு: அரசாங்கக் கணினிக்குள் நுழைந்தவருக்கு என்ன தண்டனை?

2024 டிசெம்பரின் கடைசி இரண்டு நாட்களில் பொலிஸ் திணைக்களத்தின் சமூக ஊடகக் கணக்குகளும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளமும் அடுத்தடுத்து ஊடுருவப்பட்டன. புதுவருடச் செய்திகளோடு வழக்கமான இரண்டு குரல்களும் எழுந்தன. அரசாங்கத்திலேயே கை வைத்தவனைப் பத்து வருடம் உள்ளே போட வேண்டும் என்பது ஒன்று. கெட்டிக்காரப் பிள்ளை, கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டும் என்பது மற்றது. நுழைந்தவர் உள்ளே என்ன செய்தார் என்று இரண்டு குரலுமே கேட்பதில்லை.

இலங்கையின் கணினிக் குற்றச் சட்டமும் அந்தக் கேள்வியை அரைகுறையாகத்தான் கேட்கிறது. அதில் உள்ள பெரிய குற்றங்களுக்கெல்லாம் உச்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை. இந்த ஒரே அளவு ஒரு பாடசாலை மாணவருக்கு மிக நீளம். வைத்தியசாலைச் சேர்வரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பலுக்கு மிகக் கட்டை. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## 'ஹேக்' என்ற ஒரு சொல்லுக்குள் ஆறு வேலைகள்

1. முகப்பை மாற்றுதல். இணையத்தளத்தின் முதற்பக்கத்தை எடுத்துவிட்டுத் தன் செய்தியை ஒட்டுவது. வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற தளம் கட்டும் மென்பொருள்களில் கட்டிய தளங்களில், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்கள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். அவற்றின் ஓட்டைகள் எவரும் படிக்கக்கூடிய பட்டியல்களாகவே இணையத்தில் இருக்கின்றன. எந்தத் தளத்தில் எந்தப் பழைய பதிப்பு ஓடுகிறது என்று தேடித் தரத் தானியங்கி நிரல்களும் உண்டு. மேதை வேண்டாம், பொழுது இருந்தால் போதும். 2016 ஓகஸ்டில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வத் தளத்துக்கு நடந்தது இதுதான். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்கும் முடிவை எதிர்த்தும், இலங்கைத் தளங்களின் பாதுகாப்பைக் கவனிக்கச் சொல்லியும் அங்கே ஒரு செய்தி தோன்றியது. சில நாட்களில் 17 வயது மாணவர் ஒருவர் கைதானார். நல்ல பேக்அப், அதாவது காப்புப் பிரதி, இருந்தால் இவ்வகைச் சேதம் சில மணித்தியாலங்களில் சரியாகிவிடும்.

2. முகவரியைத் திருப்புதல். 2021 பெப்ரவரி 6 அன்று கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில 'டொட் எல்கே' முகவரிகளைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேயிலைத் தொழில், ஊடக சுதந்திரம், இனப்பாகுபாடு போன்ற பிரச்சினைகள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. கூகுளின் சேர்வரை யாரும் தொடவில்லை. 'இந்தப் பெயரைக் கேட்டால் இந்த எண்ணுக்கு அனுப்பு' என்று பெயர்ப் பதிவேட்டில் உள்ள வரிதான் மாறியது. அரசியல் செய்தி காட்டுவதோடு நின்றால் சேதம் குறைவு. அதே வழியில் வங்கியின் போலிப் பக்கத்தைக் காட்டிக் கடவுச்சொற்களைச் சேகரித்தால் கதை வேறு.

3. கணக்கைப் பறித்தல். யூடியூப் சனலும் பேஸ்புக் பக்கமும் அரசாங்கக் கணினியில் இல்லை. அவை வெளிநாட்டு நிறுவனங்களின் சேர்வர்களில் இருப்பவை. பெரும்பாலும் பறிபோவது பக்கத்தை நடத்தும் உத்தியோகத்தர் ஒருவரின் கடவுச்சொல், அல்லது அவரது பிரவுசரில் சேமித்திருந்த உள்நுழைவுத் தடம்.

4. நெரிசல் உண்டாக்குதல். ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கை அனுப்பித் தளத்தை மூச்சுத் திணற வைப்பது. உள்ளே யாரும் நுழைவதில்லை. இதையும் நாம் 'ஹேக்' என்றே எழுதுகிறோம்.

5. தரவை நகலெடுத்தல். தளம் வழமைபோல ஓடும், முகப்பில் ஒரு எழுத்தும் மாறாது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் அடங்கிய தரவுத்தளம் மட்டும் வெளியே போயிருக்கும். பல மாதம் கழித்து எங்கோ விற்பனைக்கு வரும்போது தெரியவரும், அல்லது தெரியவே வராது.

6. பூட்டிப் பணம் கேட்டல். ரான்சம்வேர். கோப்புகளைச் சாவியின்றித் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, அந்தச் சாவிக்கு விலை கேட்பது. இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன் நகலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்தியில் அதிகம் அடிபடுவது முதல் மூன்றும்தான். பொலிஸாரின் கைக்குச் சிக்குபவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

## நூறு நாள் மின்னஞ்சல்

ஆறாவது வகைக்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அன்று, அரச நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வேரில் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை மீண்டும் இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். எண்ணிப் பார்த்தால் நூறு நாளுக்குச் சற்று மேல்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 அன்று நிறுத்தியது. அந்தத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது, திடீரென்று வந்ததல்ல. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதியும் நிர்வாக முடிவுகளும் இழுபட்டதில் தள்ளிப்போனது.

பேக்அப் ஏன் உதவவில்லை? இது எல்லா அலுவலகங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். பேக்அப் சேர்வர் அதே வலையமைப்பில், அதே நிர்வாகிக் கடவுச்சொல்லால் திறக்கக்கூடியதாக இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். அதனால்தான் 3-2-1 என்ற பழைய விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். ரான்சம்வேர் காலத்தில் இதற்கு ஒரு ஒட்டுச் சேர்ந்திருக்கிறது. ஒரு பிரதியாவது வயர் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கழற்றி வைத்ததை மாதம் ஒருமுறையேனும் மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்அப்பை நம்புவது, சீட்டைத் திறந்து பார்க்காமல் லொத்தர் விழுந்துவிட்டதென்று நம்புவது மாதிரி.

தாக்கிய கும்பல் நாளை பிடிபட்டால் கணினிக் குற்றச் சட்டத்தின் மிகப் பாரதூரமான பிரிவில்கூட ஒரு குற்றச்சாட்டுக்கு உச்சம் ஐந்தாண்டு. பல குற்றச்சாட்டுகளைச் சுமத்தி, தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். கப்பம் கேட்டதற்குத் தண்டனைச் சட்டக்கோவையையும் துணைக்கு அழைக்கலாம். அப்படிக் கூட்டிக் கழித்து நீட்ட வேண்டியிருப்பதே சட்டத்தில் படிகள் இல்லை என்பதைக் காட்டுகிறது.

## அரசாங்கத் தரவு ஏன் வேறு

கடுமையான தண்டனை கேட்பவர்களின் வாதத்தில் வலுவான ஒரு பகுதி உண்டு. அவர்களே அதை அரிதாகத்தான் சொல்கிறார்கள்.

ஒரு வங்கியை நம்பாவிட்டால் வேறு வங்கிக்குப் போகலாம். ஆட்பதிவுத் திணைக்களத்தை மாற்ற முடியாது. கடவுச்சொல் கசிந்தால் ஐந்து நிமிடத்தில் புதியது வைக்கலாம். அடையாள அட்டை இலக்கம் கசிந்தால் அது சாகும்வரை அதே இலக்கம். அதோடு அது வெறும் இலக்கமும் அல்ல. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1992534 என்று தொடங்கினால், 1992இன் 34ஆம் நாளில், அதாவது பெப்ரவரி 3இல் பிறந்த ஒரு பெண். தொலைபேசியில் 'உங்கள் பிறந்த திகதியைச் சொல்லுங்கள்' என்று கேட்டு ஆளை உறுதிப்படுத்தும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பதில் அந்த இலக்கத்திலேயே இருக்கிறது.

பெயரும் முகவரியும் சேர்ந்தால் இன்னொன்றும் தெரியும்: இந்த வீட்டில் இருப்பவர் எந்தச் சமூகத்தவர் என்பது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததை மறக்காத குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இன்றும் இருக்கின்றன. அன்று அது கடதாசி. அரச தரவுத்தளம் ஒன்றை முழுதாக நகலெடுத்து விற்பவர் செய்வதை வெறும் 'கணினிக்குள் நுழைதல்' என்று அளக்க முடியாது.

ஆகவே கடுமை தேவைப்படும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் கணினி யாருடையது என்பதில் இல்லை. எத்தனை பேரின் எந்தத் தரவு, யாரிடம் போனது என்பதில் இருக்கிறது. திணைக்களம் ஒன்றின் முகப்புப் பக்கமும் அதன் தரவுத்தளமும் ஒரே அரசாங்கத்துக்குச் சொந்தமானவைதான்.

## சட்டம் சொல்வது

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமே அடிப்படை. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இணையத்தில் சொல்லப்படும் கூற்றுகள் பற்றியது. ஊடுருவலுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

1. 3ஆம் பிரிவு: அதிகாரமின்றி நுழைய முயல்வது. ஒரு இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எதையும் எடுத்திருக்க வேண்டியதில்லை. கணினியை இயக்கிவிட்டாலே போதும் என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

2. 4ஆம் பிரிவு: வேறொரு குற்றம் செய்யும் நோக்கத்தோடு நுழைவது. அபராதம் இரண்டு இலட்சமாகிறது. சிறை அதே ஐந்தாண்டு.

3. 5ஆம் பிரிவு: கணினியையோ நிரலையோ தரவையோ மாற்றுவது, சேதப்படுத்துவது. அபராதம் மூன்று இலட்சம். சிறை அதே ஐந்தாண்டு.

4. 6ஆம் பிரிவு: தேசிய பாதுகாப்பு, தேசிய பொருளாதாரம், பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிப்பது. அபராதத்தோடு தப்பும் வழி இல்லை. சிறை மீண்டும் ஐந்தாண்டு வரை.

5. 7 முதல் 10 வரையான பிரிவுகள்: திருடிய தரவைக் கையாளுதல், இடைமறித்தல், இதற்கான கருவிகள், நுழைவுத் தகவலை வெளியிடுதல். ஒரு இலட்சத்துக்குக் குறையாத, மூன்று இலட்சத்துக்கு மேற்படாத அபராதம், அல்லது ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும்.

கவனியுங்கள்: 'அரசாங்கக் கணினி' என்ற தனி வகை இந்தப் பட்டியலில் இல்லை. கொழும்பு மாநகர சபையின் சேர்வரும் செட்டியார் தெரு நகைக்கடைக்காரரின் மடிக்கணினியும் 3ஆம் பிரிவுக்கு ஒன்றே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூட்டை உடைத்து நுழைபவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் இல்லை. திருடிய தரவை வாங்குபவருக்கும், நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லை வெளியே சொல்பவருக்கும் அது உண்டு. 10ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், லீவில் போகும் உத்தியோகத்தர் தன் கடவுச்சொல்லை அனுமதியின்றிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் இதற்குள் வரும். கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் கடதாசியில் கடவுச்சொல் ஒட்டிய அலுவலகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பிரிவின் வீச்சு புரியும்.

தண்டனையின் அளவைவிடக் கவலை தரவேண்டியது 6ஆம் பிரிவில் உள்ள சான்றிதழ். நாட்டின் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ ஆபத்து இருந்தது என்று பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். பொருளாதாரத்துக்கு என்றால் நிதி அமைச்சின் செயலாளர். அது நீதிமன்றத்தில் முதற்றோற்றச் சான்றாகும். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், மறுத்து நிறுவாத வரை ஆபத்து இருந்தது என்றே கொள்ளப்படும். ஆபத்து வந்ததா என்பதை, தனக்கு ஆபத்து வந்ததென்று சொல்லும் தரப்பே எழுதிக் கொடுக்கிறது. பல இரகசிய விபரங்களை நீதிமன்றத்தில் கொட்ட முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை எதிரியின் தோளுக்கு மாறினால் என்ன நடக்கும் என்பதை 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளில் பார்த்த சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'தண்டனையைக் கூட்டுங்கள்' என்ற கோரிக்கை பாராளுமன்றத்துக்குப் போனால் முதலில் கைவைக்கப்படும் இடம் இந்த 6ஆம் பிரிவாகத்தான் இருக்கும். ஐந்தைத் திருத்தி இருபது என்று எழுதுவது எளிது. சான்றிதழ் அப்படியே இருக்க, எண் மட்டும் நான்கு மடங்காகும்.

## யார் பிடிபடுகிறார்கள்

தண்டனை பயமுறுத்த வேண்டுமானால் முதலில் ஆள் பிடிபட வேண்டும். பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் 2016 பெப்ரவரியில் 951 மில்லியன் டொலரை மாற்ற உத்தரவு அனுப்பினார்கள். 101 மில்லியன் போய்ச் சேர்ந்தது. அதில் 20 மில்லியன் வந்தது இலங்கைக் கணக்கொன்றுக்கு. பெறுநர் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையாக இருந்ததால் சந்தேகம் எழுந்து அது திருப்பி அனுப்பப்பட்டது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வடகொரியர் ஒருவர் மீது குற்றம் சுமத்தியது. அவர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. ஆயுள் தண்டனை என்று எழுதியிருந்தாலும் அவருக்கு அது வெறும் எழுத்து.

உள்ளூரில் நடப்பதைத் துப்பறிவதும் தொலைக்காட்சித் தொடர்களில் வருவது போல எளிதல்ல. சிக்கல் எங்கே வருகிறது?

1. ஐபி முகவரி ஆளைக் காட்டாது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள். யார் என்று பிரிக்க, ஒரே முகவரியில் உள்ள இணைப்புகளை வேறுபடுத்தும் போர்ட் எண்ணும் நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். பல சேர்வர்களின் லொக் பதிவில் போர்ட் எண் இருப்பதே இல்லை.

2. நேரம் பிழைக்கும். சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், பதிவில் இரவு 8.10 என்று இருப்பது கொழும்பில் மறுநாள் அதிகாலை 1.40. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்தால் தொலைபேசி நிறுவனம் கொடுக்கும் பெயர் சம்பந்தமே இல்லாத ஒருவருடையதாக இருக்கும். கடுந்தண்டனை கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

3. பதிவு அழியும். 19ஆம் பிரிவின் கீழ் ஒரு தரவைப் பாதுகாத்து வைக்குமாறு கொடுக்கும் அறிவித்தல் ஏழு நாளுக்குத்தான் செல்லும்; நீதவான் அதை 90 நாள் வரை நீடிக்கலாம். ஊடுருவல் தெரியவரவே மூன்று மாதமானால் பாதுகாக்க எதுவும் மிஞ்சியிராது.

4. எல்லை. இணையக் குற்றங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் சமவாயம் இலங்கைக்கு 2015 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெற்காசியாவில் முதலில் இணைந்த நாடு இதுதான். நாள் முழுதும் இயங்கும் தொடர்பு மையத்தின் மூலம் வெளிநாட்டில் உள்ள தரவை உறையவைக்கக் கேட்கலாம். சமவாயத்தில் இல்லாத நாட்டிலிருந்து தாக்கியவருக்கு இது பொருந்தாது.

இதையெல்லாம் மறைக்கத் தெரிந்தவர் தப்புகிறார். சொந்த வீட்டு இணைப்பில், தன் புனைபெயரோடு, நண்பர்களுக்கு ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் காட்டும் பையன் அகப்படுகிறான். தண்டனையைக் கூட்டினால் அதன் பாரம் முதலில் விழுவது அவன் தலையில்.

## மற்ற நாடுகளின் படிக்கட்டு

பிரித்தானியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெறுமனே நுழைவதற்கு உச்சம் இரண்டாண்டு. தரவை, இயக்கத்தைச் சேதப்படுத்தினால் பத்தாண்டு. 2015இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி பாரதூரமான சேதத்துக்குப் பதினான்கு. மனித உயிர்களையோ தேசிய பாதுகாப்பையோ பாரதூரமாகப் பாதித்தால் ஆயுள். நம்முடைய 3ஆம் பிரிவைவிடக் கீழ்ப்படி தாழ்வு, மேற்படி மிக உயரம்.

சிங்கப்பூரும் இந்தியாவும் வேறு வழியில் போயின. பாதுகாக்கப்பட்ட கணினி என்ற வகையை வைத்து, சிங்கப்பூர் அதற்கு இருபதாண்டு வரையும் இந்தியா பத்தாண்டு வரையும் விதிக்கின்றன. எந்தக் கணினி என்று பார்க்கும் முறை இது. முக்கியமான ஒன்றின் கதவைத் தட்டிப் பார்த்தவரும் அதை உருக்குலைத்தவரும் ஒரே கூரைக்குள் வந்துவிடும் குறை இதில் உண்டு.

கடுமை எல்லை மீறினால் வழக்கே நடக்காமல் போகலாம். ஸ்கொட்லாந்தில் பிறந்த கெரி மெக்கினன் 2001, 2002இல் அமெரிக்க இராணுவத்தினதும் நாசாவினதும் 97 கணினிகளுக்குள் நுழைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். கடவுச்சொல் வைக்காமலே விடப்பட்ட கணக்குகளைத் தேடித்தான் அவர் புகுந்தார். பல பத்தாண்டுச் சிறை என்ற பேச்சு எழுந்தது. அவரது உடல், மன நிலையைக் காரணங்காட்டி 2012 ஒக்டோபரில் பிரித்தானியா நாடுகடத்தலை மறுத்தது. பத்தாண்டு இழுத்த வழக்கில் ஒரு தண்டனையும் இல்லை. 1988இல் இணையத்தையே தடுமாற வைத்த, தானாகவே பரவும் புழுநிரலை எழுதிய ரொபர்ட் மொரிஸுக்குக் கிடைத்ததோ மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூக சேவை, 10,050 டொலர் அபராதம். அவர் பின்னர் எம்ஐடியில் பேராசிரியரானார்.

## கதவைத் திறந்து வைத்தவர்

சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 2018இல் 15 இலட்சம் நோயாளரின் விபரங்கள் திருடப்பட்டன; அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விபரமும் அதில் இருந்தது. திருடியவர்கள் கூண்டில் ஏறவில்லை. ஆனால் 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு இரண்டரை இலட்சம் சிங்கப்பூர் டொலரும், அதன் கணினிகளை நடத்திய நிறுவனத்துக்கு ஏழரை இலட்சமும் அபராதம் விழுந்தது. கைக்கு எட்டுபவரையாவது பொறுப்பாக்கினார்கள்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. அபராதம் ஒரு கோடி ரூபா வரை. ஆனால் அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும் நாள் பிற்போடப்பட்டது. நுழைந்தவருக்கு 2007 முதல் சட்டம் இருக்கிறது. காக்கத் தவறியவருக்கான சட்டம் பதினைந்தாண்டு பிந்தி எழுதப்பட்டது, அதற்கும் தவணை கொடுக்கப்பட்டது.

## ஓட்டையைக் கண்டு சொல்பவர்

இருக்கும் சட்டத்தின் மோசமான விளைவு இங்கேதான். விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பும்போது முகவரி வரியின் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்தவரின் படிவம் திறக்கிறது என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் நாட்டுக்கு நன்மை. சொன்னால் 3ஆம் பிரிவுக் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். நல்ல நோக்கத்துக்கு அந்தப் பிரிவில் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

நெதர்லாந்து 2013லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசின் ஓட்டையைச் சொல்பவருக்கு ஒரு டீ சேர்ட்டும் அனுப்புகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2016இல் பதிவுசெய்த 1,400க்கு மேற்பட்டோரைத் தன் தளங்களைத் தாக்கிப் பார்க்க அழைத்தது. செல்லுபடியான 138 ஓட்டைகள் கிடைத்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலர். பெல்ஜியம் 2023இல் சட்டப் பாதுகாப்பே கொடுத்தது.

இங்கே அது வரும்வரை, தற்செயலாக ஓட்டையைக் கண்டவர் செய்ய வேண்டியவை:

1. கண்ட இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் எத்தனை படிவம் திறக்கிறது என்று பார்ப்பதற்காக நிரல் எழுதி ஓட்டினால், தற்செயல் என்று பின்னர் சொல்ல முடியாது.

2. பிறர் தரவைச் சேமிக்காதீர்கள். எடுக்கும் ஸ்கிரீன்ஷொட்டிலும் பெயர், இலக்கத்தை மறைத்துவிடுங்கள். பக்கத்தின் முகவரி, திகதி, நேரம், செய்த படி ஆகியவை போதும்.

3. இலங்கை சேர்ட் எனப்படும் கணினி அவசரநிலைப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கும் பிரதி அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குத் தடயம் இல்லை.

4. பணம், வேலை, பரிசு எதையும் அந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள். 'சம்பளம் தந்தால் திருத்தித் தருகிறேன்' என்ற ஒரு வரி முழுக் கடிதத்தையும் கப்பக் கடிதமாக்கிவிடும்.

5. பேஸ்புக்கில் போடாதீர்கள். ஓட்டை அடைபடும் முன் போட்டால் அதை முதலில் படிப்பவர் திணைக்களப் பணிப்பாளராக இருக்கமாட்டார்.

பதில் வராவிட்டால்? தொழில்துறையில் 90 நாள் காத்திருந்துவிட்டுப் பகிரங்கப்படுத்தும் வழக்கம் உண்டு. அந்த 90 நாளுக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. 91ஆம் நாளிலும் 3ஆம் பிரிவு அப்படியே இருக்கும். பகிரங்கப்படுத்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஒரு சட்டத்தரணியை.